உள்ளத்தில் உறுத்தும் சிறுகல்

இரவுப் பயணத்திற்காக வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறீர்கள். தெருமுனைக்கு வந்ததும், 'பூட்டினோமா?' என்ற ஐயம் எழுகிறது. திரும்பிச் சென்று பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறீர்கள், மனம் அமைதியடைகிறது, பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கிறீர்கள். இது நம் எல்லோருக்கும் நேர்வதுதான். ஆனால் இழுத்துப் பார்த்த பின்னும் ஐயம் தீராமல் இருபது முறை, முப்பது முறை திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்து, பேருந்தைத் தவறவிட்டு, கடைசியில் பயணத்தையே கைவிடும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பூட்டு சரியாகவே இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அவரால் நிறுத்த முடிவதில்லை.

இதனை 'எண்ணச் சுழற்சி நோய்' என்று தமிழில் வழங்குகிறார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஓ.சி.டி.' என்பார்கள். இந்நோய்க்கு இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, அழைக்காமலே வந்து அச்சுறுத்தும் எண்ணம்: 'கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது', 'என்னால் பிறருக்குத் தீங்கு நேர்ந்துவிடும்', 'கோவிலில் நிற்கும்போது தகாத நினைவு வருகிறதே' என்பன போன்றவை. மற்றொன்று, அந்த அச்சத்தைத் தணிப்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்: கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், அடுக்குதல், மனத்திற்குள்ளேயே ஒரு சொல்லைப் பலமுறை உச்சரித்தல். இவை நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒருவரின் பொழுதை விழுங்கினாலோ, படிப்பையும் வேலையையும் குலைத்தாலோ, அதனை நோய் என்று கருதவேண்டும். சுத்தத்தில் விருப்பமுள்ளவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். சுத்தம் செய்வதில் மகிழ்ச்சி காண்பவர் வேறு; அழுதுகொண்டே கை கழுவுபவர் வேறு.

இந்த நோயை மனிதன் எவ்வாறு படிப்படியாகப் புரிந்துகொண்டான் என்பது ஒரு நீண்ட கதை. இதனால் துன்புற்றவர்களைச் சில நூற்றாண்டுகள் பாவிகள் என்று எண்ணின. சில நூற்றாண்டுகள் பித்தர்கள் என்று எண்ணின. குணப்படுத்தக்கூடியது என்ற நிலைக்கு இந்நோய் வந்து அறுபது ஆண்டுகள்தாம் ஆகின்றன. அக்கதையைக் காண்போம்.

சமயவாணர்கள் கண்டது

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பால்க் என்னும் பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞர், உடல்நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்துப் பேசும் ஒரு நூலை அரபு மொழியில் எழுதினார். உள்ளத்தை வருத்துபவை என்று அவர் கோபம், அச்சம், துயரம் ஆகிய மூன்றைச் சொல்லி, நான்காவதாக 'வஸ்வாஸ்' என்பதைத் தனி அத்தியாயமாகவே வைத்தார். 'கிசுகிசுப்பு' என்பது அச்சொல்லின் பொருள். உள்ளத்திற்குள் யாரோ ஓயாமல் கிசுகிசுப்பது போல எழும் வேண்டாத எண்ணங்களை அது குறித்தது. இத்தகையோர் தனிமையையும் சோம்பியிருத்தலையும் தவிர்க்கவேண்டும் என்று அவர் அறிவுரை கூறினார். அச்சத்தையும் இந்த எண்ணச் சுழற்சியையும் வெவ்வேறாகப் பிரித்தறிந்தது அக்காலத்தில் அரிய நுட்பமே ஆகும்.

ஐரோப்பாவில் இந்நோய் பெரும்பாலும் பாதிரியார்களின் கண்ணில்தான் முதலில் பட்டது. பாவமன்னிப்புப் பெற்ற பின்னும் 'நான் சொல்ல மறந்த பாவம் ஏதேனும் இருக்குமோ' என்று திரும்பத் திரும்ப வந்து நிற்பவர்களை அவர்கள் கண்டனர். அந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்க்ரூப்பிள்' என்பதாகும். இது இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'கூரிய சிறுகல்' என்பது அதன் மூலப்பொருள். செருப்புக்குள் புகுந்த சிறுகல் காலை உறுத்துவதுபோல் உள்ளத்தை உறுத்துவது என்று கொள்ளலாம். நாமும் 'மனச்சாட்சி உறுத்துகிறது' என்றுதானே சொல்கிறோம்? எங்கோ இரண்டு மொழிகளில் ஒரே உவமை தோன்றியிருப்பது வியப்பாக இல்லையா?

ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யன், 1666-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தன் கடவுளையே விற்றுவிடு என்ற எண்ணம் நெடுநாள் தன்னை வாட்டியதாக எழுதியிருக்கிறார். 'மாட்டேன், மாட்டேன்' என்று அவர் மனத்திற்குள் மறுமொழி கூறியதோடு, கைகளாலும் முழங்கைகளாலும் அந்த எண்ணத்தைத் தள்ளிவிட முயன்றாராம். அவர் தம்மை மன்னிக்க முடியாத பாவி என்றே நம்பினார்.

இக்காலத்தில் ஒரு குரல் மட்டும் வேறுபட்டு ஒலித்தது. நார்விச் நகரத்துப் பேராயரான ஜான் மூர், 1692-இல் அரசி மேரியின் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவில், வழிபாட்டின்போது தகாத எண்ணங்கள் தாமாக எழுந்து நல்லவர்களையே வருத்துகின்றன என்றார். அவ்வெண்ணங்களை எதிர்த்துக் கடுமையாகப் போராடினால் அவை பெருகும் என்றும், பொருட்படுத்தாமல் விட்டுவிட்டால் கரைந்துபோகும் என்றும் அவர் அறிவுறுத்தினார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் வேறு வழியில் இதே இடத்திற்கு வந்து சேரப்போகிறது.

இந்நோய் அறிவுக் குறைவால் வருவதன்று என்பதற்குச் சான்று வேண்டுமானால், 1755-இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனைக் கூறலாம். வாயிற்படியைக் கடக்கும்போது குறிப்பிட்ட எண்ணிக்கையில் அடி வைத்தே அவர் கடப்பார் என்றும், கணக்குத் தவறினால் திரும்பிப் போய் மீண்டும் தொடங்குவார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறிப்பிட்டுள்ளார்.

மருத்துவத்தின் எல்லைக்குள்

19-ஆம் நூற்றாண்டில் இந்நோய் கோவிலிலிருந்து மருத்துவமனைக்கு இடம் பெயர்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல், மனநோய்கள் பற்றி 1838-இல் வெளியிட்ட பெருநூலில், 'எஃப்' என்ற எழுத்தால் மட்டும் குறிப்பிட்டு ஒரு பெண்ணின் நிலையை விளக்கினார். அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது அங்குள்ள பொருள் ஏதேனும் தன் உடையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்ற அச்சம் இளம் வயதிலேயே அவளுக்குத் தோன்றியது. பின்னர்க் கணக்கு எழுதும்போது எண்களைத் தவறாக எழுதிப் பிறருக்கு நட்டம் விளைவித்துவிடுவோமோ என்று அஞ்சினாள். காசைத் தொட்டால் மதிப்புள்ள எதுவோ விரலில் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிக் கைகளை உதறிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தாள். தன் அச்சம் பொருளற்றது என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். பகுத்தறிவு முழுமையாக இருந்தும் அது உதவிக்கு வரவில்லை என்பதே எஸ்கிரோலை வியக்கவைத்தது.

பிரான்சில் இதனை 'ஐயப் பித்து' என்று அழைத்தனர். 1877-இல் பெர்லின் நகர மருத்துவர் வெஸ்ட்ஃபால், அறிவு பழுதுபடாதிருக்கும்போதே, ஒருவரின் விருப்பத்திற்கு மாறாக அவர் உள்ளத்தில் புகுந்து நிலைக்கும் எண்ணங்கள் என்று இதனை வரையறுத்தார். அவர் ஆண்ட ஜெர்மானியச் சொல்லை இங்கிலாந்தில் 'எண்ணம்' என்ற பொருளிலும் அமெரிக்காவில் 'செயல்' என்ற பொருளிலும் மொழிபெயர்த்தார்கள் என்றும், இரண்டையும் இணைத்ததால்தான் இந்நோயின் ஆங்கிலப் பெயர் இரட்டைச் சொல்லாயிற்று என்றும் கூறுவர்.

1909-இல் சிக்மண்ட் ஃபிராய்டு, எலிகளைப் பற்றிய கொடிய எண்ணத்தால் வருந்திய ஓர் இளைஞரின் வரலாற்றை வெளியிட்டார். அடிமனத்தில் புதைந்த முரண்பாடுகளே இந்நோய்க்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை அரை நூற்றாண்டு கோலோச்சியது. ஆனால் உளப்பகுப்பாய்வால் இந்நோய் தீர்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1960-களின் தொடக்கத்திலும், 'இது தீராத நோய்' என்பதே பல மருத்துவர்களின் எண்ணமாக இருந்தது.

அடைக்கப்பட்ட குழாய்

திருப்பம் 1966-இல் இலண்டன் நகரில் நிகழ்ந்தது. மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் மேயர் என்ற உளவியலாளர் ஒரு துணிவான முயற்சியில் இறங்கினார். விலங்குகளைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து அவர் ஒரு பாடம் கற்றிருந்தார். ஓர் இடத்தில் ஆபத்து நீங்கிவிட்ட பிறகும், விலங்கு அங்கிருந்து உடனே தப்பி ஓடிக்கொண்டே இருந்தால், ஆபத்து இல்லை என்பதை அது ஒருபோதும் கற்றுக்கொள்வதில்லை. ஓடவிடாமல் அங்கேயே இருக்கச் செய்தால்தான் அச்சம் தணிகிறது.

மேயர் இதனை இரண்டு நோயாளிகளிடம் செயல்படுத்தினார். ஒருவர் ஓயாமல் கழுவித் தூய்மை செய்பவர். மற்றவர் தெய்வ நிந்தனை எண்ணங்களால் வருந்தியவர். எதைக் கண்டு அஞ்சினார்களோ அதனைத் தொடவும் நினைக்கவும் செய்தனர். அதன்பின் வழக்கமான சடங்கைச் செய்யாதபடி செவிலியர் உடனிருந்து பார்த்துக்கொண்டனர். கழுவும் நோயாளியின் அறைக்கு வரும் தண்ணீர்க் குழாயையே அடைத்துவிட்டனர்! என்ன நேர்ந்தது? அச்சம் முதலில் உச்சிக்கு ஏறியது. பின்னர்த் தானாகவே இறங்கியது. இருவரும் பெரிதும் தேறினர். 1974-இல் மேயர் குழுவினர் வெளியிட்ட அறிக்கையின்படி, 15 பேரில் 10 பேர் மிக நன்றாகத் தேறினர். மற்றவர்கள் ஓரளவு தேறினர். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இருவருக்கு மட்டுமே நோய் திரும்பியிருந்தது.

இதன் தத்துவம் என்ன? அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும், சிறிது நேரத்தில் ஆறிவிடும். ஆனால் இறக்கியவுடனே பச்சைத் தண்ணீரைக் கலப்பதையே வழக்கமாகக் கொண்ட ஒருவர், 'நான் கலந்ததால்தான் ஆறியது' என்று நம்புவார். கழுவுதலும் அத்தகையதே. கழுவியவுடன் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் கழுவச் சொல்லித் தூண்டுகிறது. இவ்வாறு நிவாரணமே நோய்க்கு உரமாகிறது. அச்சத்தை எதிர்கொண்டு, சடங்கைத் தடுத்து நிறுத்தும் இம்முறையை இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1970-களில் மேலும் செப்பம் செய்தனர். இன்று யாரும் குழாயை அடைப்பதில்லை. நோயாளியின் இசைவோடு, எளிய அச்சத்திலிருந்து கடிய அச்சத்திற்குப் படிப்படியாக ஏறுகிறார்கள்.

இக்காலத்தில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. ஸ்டான்லி ராக்மன் என்பவரும் இலங்கையரான பத்மல் டி சில்வா என்பவரும், நோயற்ற சாதாரண மக்களிடம் அவர்களுக்குத் தோன்றும் வேண்டாத எண்ணங்களைப் பற்றிக் கேட்டு, 1978-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் சுமார் 80 விழுக்காட்டினருக்கு, நோயாளிகளுக்கு வருவனவற்றை ஒத்த எண்ணங்களே தோன்றின! மாடியில் நிற்கும்போது 'குதித்தால் என்ன?' என்பதும், கையில் கத்தி இருக்கும்போது தோன்றும் விபரீத நினைவும் நம்மில் பெரும்பாலோர்க்கு வருபவையே. நாம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை, அவை போய்விடுகின்றன. நோயாளியோ, 'இப்படி நினைத்த நான் எவ்வளவு கொடியவன்!' என்று அவற்றோடு மல்லுக்கு நிற்கிறார், அவை நிலைத்துவிடுகின்றன.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன வைத்தியர் கதை உங்களுக்குத் தெரியும். குரங்கைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதனையே சோதனையாகச் செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று கூறப்பட்டவர்களால் அந்த நினைவை அடக்க இயலவில்லை; தடையை நீக்கியதும் அது இன்னும் மிகுதியாக வந்தது. 'மனத்தைக் கட்டுப்படுத்து' என்று இந்நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை ஏன் பயன்படுவதில்லை என்பது இப்போது விளங்கும்.

ஒரு குளோரின் அணு

மருந்தின் கதை வேறொரு பாதையில் வந்தது. மனச்சோர்வுக்குப் பயன்பட்ட இமிப்பிரமின் என்னும் மருந்தின் மூலக்கூறில், ஒரு ஹைட்ரஜன் அணு இருந்த இடத்தில் ஒரு குளோரின் அணுவை அமர்த்தினால் கிடைப்பது குளோமிப்பிரமின். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் இதனை மனச்சோர்வுக்காகவே உருவாக்கியது. ஆனால் 1967-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் இம்மருந்து எண்ணச் சுழற்சியையும் தணிப்பதாக அறிவித்தனர். பின்னர்ப் பல ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1989-இல் இந்நோய்க்கான முதல் மருந்தாக இதற்கு ஒப்புதல் அளித்தது.

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மீண்டும் உறிஞ்சப்படுவதை இம்மருந்து வலிமையாகத் தடுக்கிறது. செரட்டோனின் மீது அத்தகைய விளைவு இல்லாத டெசிப்பிரமின் என்ற நெருங்கிய உறவு மருந்து இந்நோயில் பயன் தரவில்லை. ஆகவே செரட்டோனினுக்கு இதில் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று. எனினும், 'செரட்டோனின் குறைந்ததால் நோய் வந்தது' என்று எளிதாக முடித்துவிட முடியாது. தலைவலிக்கு மாத்திரை உதவுகிறது என்பதால், அந்த மாத்திரை உடலில் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று சொல்வோமா? இன்று ஃபுளுவோக்சிட்டின், ஃபுளுவோக்சமின், செர்ட்ரலின் போன்ற, பக்கவிளைவு குறைந்த மருந்துகளே முதலில் தரப்படுகின்றன. இவை முழுப்பயன் அளிக்க 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். 'பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்திவிடுவது பெருந்தவறு.

மூளைக்குள் ஒரு பார்வை

இயற்பியலும் இக்கதையில் வந்து கலக்கிறது. குளுக்கோசில் ஃபுளுவோரின்-18 என்ற கதிரியக்க அணுவை இணைத்து இரத்தத்தில் செலுத்துகிறார்கள். அது பாசிட்ரானை வெளியிடுகிறது. பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் புறப்படுகின்றன. அவற்றைப் பதிவு செய்தால், மூளையின் எப்பகுதி மிகுதியாகக் குளுக்கோசைச் செலவிடுகிறது என்பதைப் படமாகக் காணலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1987-இல் இவ்வாறு ஆராய்ந்தபோது, இந்நோயாளிகளின் மூளையில் கண்ணுக்கு மேலே உள்ள முன்பகுதியும், மூளையின் ஆழத்தில் உள்ள 'காடேட்' என்ற பகுதியும் அளவுக்கு மீறி இயங்குவதைக் கண்டனர்.

விழா மேடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டால் 'கூ' என்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியின் ஓசை மைக்கினுள் புகுந்து, பெருகி, மீண்டும் மைக்குக்கே வருவதால் நேர்வது அது. மூளையின் முன்பகுதியையும் ஆழ்பகுதியையும் இணைக்கும் வட்டச் சுற்றிலும் இத்தகைய ஒன்று நிகழ்வதாகக் கருதுகிறார்கள். 'ஏதோ தவறு' என்ற எச்சரிக்கை அணையாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உவமையை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது என்றாலும், நடப்பதை மனத்தில் பதிக்க இது உதவும்.

1992-இல் இதே குழுவினர் கண்டது இன்னும் வியப்பானது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றொரு பகுதியினருக்கு மேயர் வழிவந்த பயிற்சியும் அளித்தனர். குணமடைந்தவர்களின் காடேட் பகுதியில், மருந்தாயினும் பயிற்சியாயினும், ஒரே வகையான மாற்றம் தெரிந்தது! பயிற்சி என்பது வெறும் பேச்சன்று. அதுவும் மூளையைத் தொடுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

எது மேலானது? 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், பயிற்சி பெற்றோரில் 62 விழுக்காடும், குளோமிப்பிரமின் பெற்றோரில் 42 விழுக்காடும், இரண்டும் பெற்றோரில் 70 விழுக்காடும் தேறினர். போலி மாத்திரை பெற்றவர்களில் தேறியோர் 8 விழுக்காடு மட்டுமே. எல்லோரும் முற்றிலும் குணமாவதில்லை என்பதையும் இவ்வெண்கள் மறைக்கவில்லை. ஆயினும், 'தீராத நோய்' என்று கைவிரித்த காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாம் செய்யவேண்டியது

இந்தியாவில் 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோயுடையோர் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவு. விழுக்காடாகப் பார்த்தால் சிறிது. நம் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் பல இலட்சம் பேர். மனநோய்கள் பலவற்றில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே பெறுவதில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. இந்நோயாளிகள் மறைப்பதற்குக் காரணம் வெட்கம். 'அவளுக்கு மடி அதிகம்', 'அவன் எதிலும் சந்தேகப் பிராணி' என்று வீட்டார் பெயரிட்டு விட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் சிறு வயதிலோ இளமையிலோ இது தொடங்குவதால், தேர்வுத்தாளில் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்து நேரம் போதாமல் தவிக்கும் மாணவனைச் சோம்பேறி என்று ஆசிரியர்கள் நாம் எண்ணிவிடவும் கூடும்.

உங்கள் வீட்டில் இத்தகையோர் இருந்தால் ஏசாதீர்கள். அதே நேரத்தில், 'பூட்டியாயிற்று, நானே பார்த்தேன்' என்று நூறு முறை உறுதி கூறுவதும் உதவியன்று; அதுவும் கழுவுதல் போன்ற மற்றொரு சடங்காகவே ஆகிவிடும். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உண்மையான உதவி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவர்களைக் காணலாம். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. நேரில் செல்லத் தயங்குவோர், 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அரசு செலவில் மனநல சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு அளித்துள்ள உரிமையுமாகும்.

இதைப் படிக்கும் நீங்களே இத்தகைய எண்ணத்தால் யாரிடமும் சொல்லாமல் வருந்திக்கொண்டிருக்கலாம். அப்படியானால், உங்கள் உள்ளத்தில் வருவது எவ்வளவு கொடியதாகத் தோன்றினாலும், அதனை முன்பே பலரிடம் கேட்டவர்தாம் மருத்துவர். அவரைச் சந்திக்கும்போது எண்ணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு தாள் அவருடைய பணியையும் எளிதாக்கும், உங்கள் தயக்கத்தையும் குறைக்கும்.